உணவகம் யாருக்காகத் தோன்றியது? அடுப்பில்லாதவர்களின் பக்கமிருந்து ஒரு சமையல் வரலாறு

உலைமூடி (இழையைத் தொடங்கியவர்):

உணவகத்தின் வரலாற்றைச் சொல்லும் கட்டுரைகளில் பெரும்பாலானவை 1765-ஆம் ஆண்டின் பாரிஸ் நகரிலிருந்தே தொடங்குகின்றன. பூலாஞ்சே என்ற ஒருவர் வெண்குழம்பில் ஆட்டுக்கால் சமைத்து விற்றார், அதற்காகச் சமையற்காரர் சங்கம் அவர்மீது வழக்குத் தொடுத்தது, அவர் வென்றார், உணவகம் பிறந்தது என்பது அந்தக் கதை. அப்படியொரு வழக்கு நடந்ததற்கான சான்றை ஆவணக் காப்பகங்களில் தேடிய வரலாற்றாய்வாளர் ரெபெக்கா ஸ்பாங் எதையும் காணவில்லை. கதை பொய்யாகவே இருந்தாலும் எனக்கு அது பெரிய குறையன்று. சமைத்த உணவை விலைக்கு வாங்கி உண்பது வசதி படைத்தவர்களின் நாகரிகமாகத் தொடங்கிப் பின்னர் மற்றவர்களுக்குப் பரவியது என்ற எண்ணத்தை அது நம்முள் விதைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம்.

உண்மை நேர்மாறானது என்று நான் கருதுகிறேன். பண்டைய ரோமில் செல்வர்கள் தங்கள் மாளிகையில், தங்கள் அடிமைகள் சமைத்ததை, தங்கள் விருந்தினர்களோடு உண்டார்கள். பல மாடிக் குடியிருப்புகளின் மேல்தளங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைகளுக்கோ அடுப்பு வைக்க இடமில்லை. மரத்தாலான தளங்களில் தீ மூட்டுவது கட்டடத்தையே எரித்துவிடும். எனவே அவர்கள் தெருவுக்கு இறங்கி வந்து உண்டார்கள். கி.பி. 79-இல் சாம்பலுக்குள் புதைந்த பொம்பெயி என்ற நடுத்தர நகரத்தில் மட்டும், தெருவைப் பார்த்த கற்பலகையும் அதில் பதித்த பெருஞ்சாடிகளுமாகக் குறைந்தது எண்பது கடைகள் இருந்தன. அரசர்களுக்கு இந்தக் கடைகள்மீது தீராத ஐயம் இருந்தது. மக்கள் கூடிப் பேசும் இடமல்லவா அது? திபேரியஸ் மாப்பண்டங்களை விற்பதற்குக்கூடத் தடை விதித்தார். கிளாடியஸ் வேகவைத்த இறைச்சியையும் வெந்நீரையும் தடுத்தார். நீரோ கீரையும் பருப்பும் தவிர வேறெதையும் சமைத்து விற்கக்கூடாது என்றார். வெஸ்பாசியன் பருப்பை மட்டும் அனுமதித்தார். ஒருவர்பின் ஒருவராகத் தடை விதிக்க நேர்ந்ததிலிருந்தே, எந்தத் தடையும் நிலைக்கவில்லை என்பதை நாம் உணரலாம். அடுப்பில்லாத ஒருவனுக்குச் சட்டத்தால் அடுப்பைக் கொடுக்க முடியாதபோது, அவன் உண்ணும் இடத்தை மட்டும் எப்படி மூடிவிட முடியும்?

இந்தக் கோணத்தில் வரலாறு தெரிந்தவர்கள் மறுத்தோ சேர்த்தோ எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திரிகைக்கல்:

நீங்கள் ரோமில் தொடங்குகிறீர்கள். இன்னும் கீழே தோண்ட வேண்டும் என்பது என் கருத்து. அடுப்பில்லாதவர் என்று ஒருவரைச் சொல்வதற்கு முன்னால், அடுப்பு என்பது என்ன, அதைச் சுற்றி யாருடைய உழைப்பு இருந்தது என்று கேட்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகைக்குள் ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தீ எரிந்ததற்கான தடயம் உள்ளது. ஆனால் தீ எரிந்தது என்பதும் அதில் சமைத்தார்கள் என்பதும் ஒன்றல்ல. இஸ்ரேலில் உள்ள கெஷெர் பெனோத் யாகோவ் என்ற இடத்தில் கிடைத்த 7,80,000 ஆண்டுப் பழமையான கெண்டை மீன் பற்கள்தான் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கின. பல்லின் மேற்பூச்சில் உள்ள படிகங்களின் அளவை ஆராய்ந்தவர்கள், அந்த மீன்கள் நேரடியாக நெருப்பில் விழுந்து கருகவில்லை, மிதமான சூட்டில் வெந்தன என்று 2022-இல் அறிவித்தார்கள். மனித இனம் இன்றைய வடிவத்தை அடைவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே யாரோ ஒருவர் ஏரிக்கரையில் தீயின் அளவை அறிந்து மீனை வாட்டியிருக்கிறார் என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆயினும் சமையலின் விலையை எனக்கு உணர்த்தியது தீயன்று, அரைக்கும் கல். சிரியாவின் அபு ஹுரைரா என்ற தொல்லூரில் கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்த தேயா மோல்சன், பெண்களின் கால் பெருவிரல் மூட்டுகள் தேய்ந்தும், முழங்கால்களும் கீழ்முதுகும் சிதைந்தும் இருப்பதைக் கண்டார். நாள்தோறும் பல மணி நேரம் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, முன்னும் பின்னுமாக உடலை ஆட்டித் தானியத்தை அரைத்ததன் தழும்புகள் அவை. வேளாண்மை மனிதனுக்கு உணவைக் கொடுத்தது என்று நாம் படிக்கிறோம். அந்தத் தானியம் உணவாவதற்கு இடையில் ஒரு பெண்ணின் முதுகெலும்பு இருந்தது என்பதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை.

எனவே உணவுப் பணியின் முதல் வடிவம் கடையன்று. ஒருவர் உண்பதற்காக மற்றொருவர் தம் உடலைத் தேய்ப்பதே அதன் முதல் வடிவம். விலை கொடுத்து வாங்கும் முறை அதற்கு மிகவும் பிற்பட்டது.

ஏட்டுச்சுவடி:

இரண்டு பதிவுகளையும் மதிப்போடு படித்தேன். தொடங்கியவரின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் இரண்டு உள்ளன.

முதலாவது, பொம்பெயியின் சாடிகள். அவற்றில் சுடச்சுடக் குழம்பு இருந்தது போன்ற படங்களைப் பலரும் பார்த்திருப்போம். கற்பலகைக்குள் நிலையாகப் பதிக்கப்பட்ட, நுண்துளைகள் நிறைந்த சுட்டமண் சாடியை எப்படிக் கழுவுவது? எனவே பல சாடிகளில் பருப்பு, கொட்டைகள் போன்ற உலர்ந்த பொருள்களே இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எல்லாச் சாடிகளும் அப்படித்தான் என்றும் சொல்ல இயலாது. 2020-இல் முழுமையாக வெளிக்கொணரப்பட்ட ஒரு கடையில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. அக்கடைகளை ஒரே அச்சில் வார்த்தவைபோல் நினைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவதே முதன்மையானது. சமைத்த உணவை விற்கும் கடையும் உணவகமும் ஒன்றல்ல. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இரவும் பகலும் சமைத்த உணவு கிடைத்த ஓர் இடத்தைப் பற்றி 1170-களில் வில்லியம் ஃபிட்ஸ்டீபன் எழுதியிருக்கிறார். அதை யாரும் உணவகம் என்று அழைப்பதில்லை. புரட்சிக்கு முந்தைய பாரிஸில் சத்திரத்துக்குச் சென்றால், குறித்த நேரத்தில், ஒரே நீள்மேசையில், முன்பின் அறியாதவர்களோடு பந்தியில் அமர்ந்து, வைத்ததை உண்டு, எல்லோருக்கும் பொதுவான விலையைக் கொடுக்க வேண்டும். முதலில் கை எட்டியவருக்கு நல்ல துண்டு; தாமதமாக வந்தவருக்கு மிச்சம். இறைச்சியை வாட்டுபவர், பன்றி இறைச்சியைப் பதப்படுத்துபவர், விருந்துக்குச் சமைப்பவர் என ஒவ்வொரு தொழிலும் தனித்தனிச் சங்கத்தின் உரிமையாக இருந்தது.

இந்தச் சூழலில் 1766 வாக்கில் மத்தூரின் ரோஸ் தெ ஷாந்துவாசோ தொடங்கிய கடை செய்தது உண்மையிலேயே புதியது. ‘ரெஸ்தோரான்’ என்ற சொல் அப்போது ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. உடல்நலம் குன்றியவர்களுக்கு வலுவூட்டும் தெளிந்த இறைச்சிச்சாற்றையே குறித்தது. நோயாளிக்குப் பசிக்கும் நேரம் சத்திரத்தின் மணியோடு ஒத்துப்போகாது. அதனால் எந்நேரமும் திறந்திருந்தார்கள். நோயாளி கூட்டத்தோடு அமரமாட்டார். அதனால் தனி மேசை வந்தது. ஒவ்வொருவரின் உடலுக்கும் ஒவ்வொன்று ஒத்துக்கொள்ளும். அதனால் பட்டியலும் தனித்தனி விலையும் வந்தன. நாம் இன்று இயல்பாக எடுத்துக்கொள்ளும் இந்த நான்கும் மருந்துக்கடையின் ஒழுங்கிலிருந்து பிறந்தவை என்பது எனக்குத் தீராத வியப்பு. 1782-இல் சமையற்காரர் அந்துவான் போவில்லியே இதனை ஆடம்பரத்தோடு இணைத்தார்; 1791-இல் சங்கங்களின் தனியுரிமை ஒழிந்தபின் யாரும் எதையும் சமைத்து விற்க முடிந்தது. ஆகவே பாரிஸின் பங்கை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

கரண்டிக்காம்பு:

நண்பர் ஏட்டுச்சுவடி பாரிஸுக்குக் கொடுக்கும் அந்த நான்கு உரிமைகளில் பெரும்பாலானவை அதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் இருந்தன என்பதைப் பணிவோடு பதிவு செய்ய விரும்புகிறேன்.

வட சொங் அரசின் தலைநகரான காய்ஃபெங் 1127-இல் படையெடுப்பாளர்களிடம் வீழ்ந்தது. அங்கு வாழ்ந்து, தெற்கே தப்பிச்சென்ற மெங் யுவான்லாவ் என்பவர், இழந்த நகரத்தைப் பற்றிய நினைவுகளை 1147-இல் எழுதி முடித்தார். பெரிய மதுவிடுதிகள் 72 இருந்தன என்றும், சிறு கடைகளுக்குக் கணக்கே இல்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். நள்ளிரவு தாண்டியும் இயங்கிய அங்காடிகள், தென்னாட்டவருக்கெனத் தென்னாட்டு முறையில் சமைத்த கடைகள் என்று அவர் விவரிப்பது நேற்றுப் பார்த்த நகரத்தைப் போல இருக்கும்.

அதில் என் நெஞ்சில் தங்கிய பகுதி பரிசாரகர்களைப் பற்றியது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்பார்கள். ஒருவருக்குச் சூடாக, ஒருவருக்குக் குளிர்ச்சியாக, மற்றொருவருக்குக் கொழுப்பு நீக்கியதாக வேண்டும். பரிசாரகர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. அத்தனையையும் மனத்தில் வாங்கி, சமையற்கூடத்தின் முன் நின்று பாடுவதுபோல வரிசையாக ஒப்பிப்பார். சற்று நேரத்தில் இடக்கையில் மூன்று கிண்ணங்களும், வலக்கையில் விரல் முதல் தோள்வரை ஏறத்தாழ இருபது கிண்ணங்களுமாக அடுக்கிக்கொண்டு வந்து, கேட்டவருக்குக் கேட்டதைப் பிழையின்றி வைப்பார். ஒன்று மாறினாலும் வாடிக்கையாளர் முதலாளியிடம் முறையிடுவார். பரிசாரகருக்கு வசையோ, கூலிப்பிடித்தமோ, வேலைநீக்கமோ காத்திருக்கும்.

தொடங்கியவரின் கருத்துக்கு இது ஒரு திருத்தத்தையும் தருகிறது. காய்ஃபெங்கில் உண்டவர்கள் எல்லோரும் ஏழைகள் அல்லர். வணிகர்களும், தொலைவிலிருந்து பணிக்கு வந்த அலுவலர்களும் அவர்களில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களிடம் பணம் இருந்தது. சொந்த அடுப்பு பல நாள் பயணத் தொலைவில் இருந்தது. அடுப்பில்லாதவர் என்பதில் வறியவரை மட்டுமின்றி ஊர்விட்டு ஊர் வந்தவரையும் சேர்த்துக்கொண்டால் உங்கள் வாதம் இன்னும் வலுப்பெறும்.

ஏட்டுச்சுவடி:

ஏற்றுக்கொள்கிறேன். தனித்தனியே கேட்டு உண்ணும் முறை பாரிஸில் முதன்முதலாகத் தோன்றியது என்று நான் எழுதியிருந்தால் அது பிழை. ஐரோப்பாவில் தோன்றியது என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெருவாணலி:

நான் வரலாறு படித்தவன் அல்லன். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெரிய சமையற்கூடங்களில் வேலை செய்கிறேன். இந்த இழையில் உண்பவர்கள் எங்கே அமர்ந்தார்கள் என்று நிறையப் பேசிவிட்டோம். கதவுக்கு இந்தப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரோப்பியப் பெருவிருந்துகளில், ஒரு சுற்றுக்குரிய அத்தனை உணவுகளையும் ஒரே நேரத்தில் மேசையில் அழகாகப் பரப்பிவைப்பார்கள். பார்ப்பதற்கு அது கோலம்போல இருக்கும். உண்பதற்குள் எல்லாம் ஆறிப்போகும். எட்டிய கிண்ணத்தில் இருப்பதே கிடைக்கும். ஒன்றன்பின் ஒன்றாக, சூடாக, ஆளுக்கொரு தட்டாகக் கொண்டுவரும் ரஷ்ய முறை அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. உண்பவருக்கு இது பெரும் பேறு. சமைப்பவருக்கோ அன்றுதான் கடிகாரம் எசமானன் ஆனது. அறுபது தட்டுகள் ஒரே நிமிடத்தில், ஒரே சூட்டில், ஒரே தோற்றத்தில் வெளியேற வேண்டும் என்ற கட்டளை எங்கள் தொழிலையே மாற்றிவிட்டது. அதற்கு முன் ஒரு தாமதம் மேசையின் ஒரு மூலையில் மறைந்துகொள்ளும். அதற்குப் பின் ஒரு தாமதம் ஒரு மனிதரின் முன்னால் வெற்றிடமாக நிற்கும்.

அந்தக் கட்டளைக்கு விடையாகப் பிரெஞ்சுச் சமையற்காரர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே அமைத்ததே படைப்பிரிவு போன்ற சமையற்கூட ஒழுங்கு. 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் படைச் சமையற்காரராக இருந்தவர் அவர். குழம்புக்கு ஒருவர், வாட்டுவதற்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், மாப்பண்டத்துக்கு ஒருவர் என வேலையைப் பிரித்தார். ஒரு தட்டு பல கைகளில் ஒரே நேரத்தில் உருவாகி இறுதியில் ஒன்றுசேர்ந்தது. கூச்சலையும் குடியையும் குறைக்க அவர் முயன்றார் என்பதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அவருக்கு முந்தைய தலைமுறையின் நிலையைப் பாருங்கள். அரசர்களுக்குச் சமைத்துப் பெரும்புகழ் பெற்ற கரேம், காற்றோட்டமில்லாத நிலவறைகளில் கரியடுப்பின் புகையைப் பல்லாண்டு சுவாசித்தவர்; ஐம்பது வயதை எட்டாமலேயே 1833-இல் இறந்தார்.

இந்தப் பிரிவினையின் கடைசி எல்லையை 1948-இல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோவில் மக்டொனால்டு சகோதரர்கள் தொட்டார்கள். நன்றாக நடந்துகொண்டிருந்த கடையை மூன்று மாதம் மூடிவைத்து, 25 வகைகளை 9 ஆகக் குறைத்து, தட்டையும் கரண்டியையும் பரிசாரகரையும் நீக்கிவிட்டுத் திறந்தார்கள். பின்னர் புதிய கிளைக்கான சமையற்கூடத்தைத் திட்டமிடும்போது, டென்னிஸ் மைதானத்தில் சுண்ணக்கட்டியால் அடுப்பையும் மேசையையும் வரைந்து, பணியாளர்களை வெறுங்கையோடு சமைப்பதுபோல நடக்கவைத்து, ஒவ்வோர் அடியையும் அளந்தார்கள். எஸ்கோஃபியேயின் ஒழுங்கில் கீழ்நிலைப் பணியாளர் ஒவ்வொரு பிரிவாகக் கற்று மேலேறி ஒருநாள் தலைமைச் சமையற்காரர் ஆகலாம். சுண்ணக்கட்டிக் கோட்டுக்குள் நடப்பவருக்கு ஏறுவதற்கு ஏணி இல்லை. சமையலை அறியாமலேயே அவர் ஆயிரம் பேருக்கு உணவளித்துவிட முடியும். வேகம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். பசித்தவன் முன்னால் வேகமும் ஒரு கருணைதான். ஆனால் கைத்தொழில் அங்கே கையைவிட்டு நழுவியது.

உலைமூடி:

பெருவாணலி அவர்களின் பதிவு என் வாதத்தின் ஒரு பக்கத்தை நான் கவனிக்காமல் விட்டதைக் காட்டியது. காய்ஃபெங் பற்றிய திருத்தத்தையும் ஏற்கிறேன்.

அடுப்பில்லாதவர்களுக்கு விலைக்கு உணவு விற்றவர்களைப் பற்றி எழுதினேன். விலை கொடுக்கவும் வழியற்றவர்களைப் பற்றி எழுதவில்லை. 1790-களில் மியூனிக் நகரில் ரம்ஃபோர்ட் பிரபு ஏழைகளுக்கான கஞ்சியை வடிவமைத்தபோது எரிபொருளையும் சேர்த்தே கணக்கிட்டார். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, காடி ஆகியவற்றை நீண்ட நேரம் கொதிக்கவைத்தார். திறந்த தீயில் வீணாகும் வெப்பத்தை மூடிய அடுப்பால் சேமித்தார். இது அறிவின் வெற்றி என்றே நினைத்துவந்தேன்.

அதே வழியில் 1847 ஏப்ரலில், அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தின்போது, அலெக்சிஸ் சோயர் டப்ளினில் ஒரு கஞ்சிக்கூடம் அமைத்தார். லண்டனில் ரிஃபார்ம் மன்றத்தின் புகழ்பெற்ற சமையற்கூடத்தை நடத்தியவர் அவர். நடுவில் மாபெரும் கொதிகலன். நீண்ட மேசைகளில் நூறு கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் சங்கிலியில் கட்டிய ஒரு கரண்டி. மணி அடித்ததும் நூறு பேர் உள்ளே வருவார்கள். சில நிமிடங்களில் உண்டுவிட்டு ரொட்டித்துண்டை வாங்கிக்கொண்டு மறுவழியாக வெளியேறுவார்கள். கிண்ணங்களைத் துடைத்ததும் மீண்டும் மணி அடிக்கும். அவருடைய கஞ்சியில் போதிய சத்தில்லை என்று அக்காலத்திலேயே மருத்துவர்கள் குறைகூறினார்கள். அவர் நல்லெண்ணத்தோடு உழைத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயிரக்கணக்கானோர் அங்கு நாள்தோறும் உண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சங்கிலி கட்டிய கரண்டியை என்னால் மறக்க இயலவில்லை.

அதனருகில் மற்றொன்றை வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் வீடிழந்தவர்களுக்காகப் பிரிட்டனில் பொது உணவுக்கூடங்கள் திறக்கப்பட்டன. அவற்றுக்கு முதலில் ‘சமுதாய உணவு மையம்’ என்று பெயர். அந்தப் பெயர் அறச்சாலையை நினைவூட்டுகிறது என்று கருதிய சர்ச்சில், ‘பிரிட்டிஷ் உணவகம்’ என்று மாற்றச் சொன்னார். 1943 வாக்கில் 2,000-க்கும் மேற்பட்டவை இயங்கின. ஒரு வேளை உணவின் உச்சவிலை ஒன்பது பென்ஸ். எழுத்தரும் தொழிலாளியும் வீடிழந்தவரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று, விலைகொடுத்து உண்டார்கள். சோயரின் கூடமும் இதுவும் ஒரே தேவைக்கு எழுந்தவை. பெரிய கலன், பெருந்திரள், குறைந்த செலவு என்ற கணக்கும் ஒன்றுதான். பெயரும் விலையும் வரிசையும் மாறியதால், உண்பவர் தலைநிமிர்ந்து அமர முடிந்தது.

திரிகைக்கல்:

நீங்கள் பொதுக்கூடங்களைப் பற்றி எழுதியதைப் படித்தபோது, வீட்டுச் சமையலறை அதே காலத்தில் அடைந்த மாற்றம் நினைவுக்கு வந்தது. 1926-இல் கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, பிராங்பர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சமையலறையை வடிவமைத்தார். தொடர்வண்டி உணவுப்பெட்டியின் குறுகிய சமையலிடம் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. பெண்ணின் வேலைநேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அபு ஹுரைராவின் முழங்கால்களுக்குக் காலம் கடந்து கிடைத்த ஒரு மறுமொழியாகவே நான் அதைப் பார்க்கிறேன். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த அறை, அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்தியது என்ற குறையும் பின்னாளில் எழுந்தது. அதுவும் நியாயமானதே.

கரேமின் நுரையீரலைப் பற்றி எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது முடிந்துபோன கதையன்று. விறகிலும் கரியிலும் சாணத்திலும் சமைப்பவர்கள் இன்றும் உலகில் 200 கோடிக்கும் அதிகமானோர். அவர்கள் வீட்டுப் புகையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டிருக்கிறது.

பெருவாணலி:

அந்தக் கணக்கைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுதாமல் இருந்தேன். இந்த இழையில் பெயர் சொல்லப்பட்ட சமையற்காரர்கள் எல்லோரும் புகழ்பெற்றவர்கள் என்பதால், ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜேம்ஸ் ஹெமிங்ஸ், அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சனின் அடிமை. 1784-இல் ஜெஃபர்சன் அவரைப் பாரிஸுக்கு அழைத்துச்சென்று பிரெஞ்சுச் சமையல் கற்கவைத்தார். தேர்ந்த சமையற்காரராகி, ஜெஃபர்சனின் பாரிஸ் இல்லத்துச் சமையற்கூடத்துக்கே தலைமை ஏற்றார். நாடு திரும்பியபின், மற்றொருவருக்கு அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தால் விடுவிப்பதாக 1793-இல் ஜெஃபர்சன் எழுதிக்கொடுத்தார். அவர் கற்றுக்கொடுத்தது தம் உடன்பிறந்த பீட்டருக்கு. 1796 பிப்ரவரியில் ஜேம்ஸ் விடுதலை பெற்றார். பீட்டர் அதே அடுப்பின் முன்னால் அடிமையாக நின்றார். புறப்படுவதற்கு முன் ஜேம்ஸ் தம் கையால் சமையற்கூடத்துப் பாத்திரங்களைப் பட்டியலிட்டு எழுதினார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது.